உதிரிபாகம் தேடும் கடற்கரை

பாம்பன் கடலில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 2.08 கிலோமீட்டர் நீளமும், நடுவே செங்குத்தாக உயரும் 660 டன் எடையுள்ள 72.5 மீட்டர் தூக்குப் பகுதியும் கொண்ட அந்தப் பாலத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதன் அருகிலிருக்கும் பழைய பாலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்படும்வரை நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த அந்த இரும்புக் கட்டமைப்பை அகற்றிவிடுவது என்று ரயில்வே முடிவெடுத்திருக்கிறது.

அகற்றுவது தவறு என்று நான் வாதிடப்போவதில்லை. துருவேறிய இரும்பு, கப்பல்கள் கடந்து செல்லும் கால்வாயின் குறுக்கே நிற்பது ஆபத்துதான். ஆனால், கடைசி இரும்புத் துண்டு கரையேறுவதற்குள் அந்தப் பாலம் முழுமையாக அளந்து பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவு பொதுச் சொத்தாக வைக்கப்பட வேண்டும். இந்தக் கோரிக்கை பழமையின் மீதுள்ள பற்றினால் மட்டும் எழுவதன்று.

ஒரு பொருளின் வடிவத்தைத் துல்லியமாக அளந்து எண்களாக்குவதும், அந்த எண்களிலிருந்து பொருளை மீண்டும் உருவாக்குவதும் இன்று உலகப் பொறியியலின் போக்கை மாற்றி வருகின்றன. முப்பரிமாண ஸ்கேனிங் என்றும் முப்பரிமாண அச்சு என்றும் அழைக்கப்படும் இவ்விரண்டும் பெருநகரங்களுக்கும் விண்வெளி நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. பொருளியல் நோக்கில் பார்த்தால் நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. பெரிய தொழிற்சாலைகளிலிருந்து விலகி, சிறிய சந்தையோடு, உப்புக் காற்றின் நடுவே வாழும் ராமநாதபுரம் - ராமேசுவரம் கடற்கரை போன்ற பகுதிகளுக்குத்தான் இவற்றின் தேவை அதிகம்.

காத்திருப்பின் விலை

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களையும் அது கடலுக்குள் தள்ளியது. அன்று தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988 அக்டோபரில்தான் வந்தது. எனவே, ரயில் பாலம் முடங்கிய ஒவ்வொரு நாளும் ராமேசுவரம் தரைவழித் தொடர்பின்றி இருந்தது. சீரமைப்புக்கு முதலில் குறிக்கப்பட்ட காலம் ஆறு மாதங்கள். அப்பணிக்குப் பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் அதை 46 நாட்களில் முடித்தார்.

அது எவ்வாறு இயன்றது என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. புதிய கர்டர்களை நாட்டின் தொலைதூரப் பகுதிகளிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை. ஆனால், விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை உள்ளூர் மீனவர்கள் சொன்னார்கள். அவற்றை மீட்டெடுத்து, மீண்டும் தூண்களின் மேல் ஏற்றிவிட்டார்கள். பழுதின் உண்மையான செலவு உதிரிபாகத்தின் விலையன்று. அது வந்து சேரும்வரை காத்திருக்கும் காலமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த உண்மை இன்றும் மாறவில்லை. ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குச் செல்கின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். தடைக்காலம் முடிந்தபின் இயந்திரத்தின் ஓர் உறுப்பு உடைந்தால், ஒரு நாள் இழப்பு என்பது வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு. இரண்டு வாரம் காத்திருந்தால் ஆறு கடல்பயணங்கள் போய்விடும். படகு உரிமையாளரின் கடனுக்கு வட்டி நிற்பதில்லை. பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளியின் வீட்டில் அடுப்பும் காத்திருப்பதில்லை.

மண்டபம், பாம்பன் பகுதிகளின் லேத் பட்டறைகளில் நான் பலமுறை நின்று வேலையைக் கவனித்திருக்கிறேன். இயந்திரத்தின் மாதிரி பழையதாகி, உற்பத்தியாளர் அதன் உதிரிபாகங்களை நிறுத்திவிட்டால், கடைசிப் புகலிடம் அந்தப் பட்டறைகளே. தேய்ந்த தண்டின் மேல் வெல்டிங் வைத்து நிரப்பி, பிறகு அதை லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். உலோகத்தை அடுக்கடுக்காகச் சேர்த்து உருவம் கொடுப்பது என்ற இன்றைய தொழில்நுட்பத்தின் அடிப்படைக் கருத்து அந்தப் பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. அவர்களிடம் இல்லாதவை துல்லியமான அளவும், செய்த பொருளைச் சோதித்துச் சான்று பெறும் வசதியும்தான்.

அளப்பதும் அடுக்குவதும்

முப்பரிமாண ஸ்கேனர் ஒரு பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பும் விதத்தைக் கொண்டு பொருளின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கணக்கிடுகிறது. பாலம், கட்டடம் போன்ற பெரியவற்றுக்கு லேசர். இயந்திர உறுப்பு போன்ற சிறியவற்றுக்குக் கோடுகளாக விழும் ஒளி. லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் சேரும் அந்தப் புள்ளிகளே பொருளின் எண்வடிவப் பிரதி ஆகின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம் அந்தப் பிரதியை மெல்லிய படலங்களாகப் பிரித்து, நெகிழி, உலோகத் தூள், கான்கிரீட் என ஏதேனும் ஒன்றைக் கொண்டு படலத்தின் மேல் படலமாகப் பொருளை எழுப்புகிறது. 1980களில் அமெரிக்காவின் சார்லஸ் ஹல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து தொடங்கிய பயணம் இது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த பற்சக்கரத்தை ஸ்கேன் செய்தால், அதன் தேய்மானமும் சேர்ந்தே பதிவாகும். அதை அப்படியே அச்சிட்டால் கிடைப்பது, தேய்ந்த பற்சக்கரத்தின் புதிய பிரதி. பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, முதலில் எந்த அளவில் இருந்திருக்கும், எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று முடிவு செய்பவர் பொறியாளரோ அனுபவமுள்ள மெக்கானிக்கோதான். எனவே, இந்தத் தொழில்நுட்பம் திறமையை வெளியேற்றுவதில்லை. திறமை செலவாகும் இடத்தை, கையின் நுட்பத்திலிருந்து அளவு குறித்த தீர்ப்புக்கு மாற்றுகிறது.

சிறிய சந்தையின் கணக்கு

உழைப்பை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடியும் என்பதைச் சந்தையின் அளவே கட்டுப்படுத்துகிறது என்பதை ஆடம் ஸ்மித் 1776இல் விளக்கினார். பெரிய சந்தை இருந்தால்தான் பெரிய ஆலை. பெரிய ஆலை இருந்தால்தான் மலிவு விலை. கடந்த இரு நூற்றாண்டுகளின் தொழில் வளர்ச்சி இந்த விதியின் வழியே நடந்தது. கோயம்புத்தூரும் ஓசூரும் திருப்பெரும்புதூரும் வளர்ந்ததும், ராமநாதபுரம் பின்தங்கியதும் ஒரே விதியின் இரு முகங்கள். மத்திய அரசு 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் இடம்பெற்ற இரண்டில் ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர்.

முப்பரிமாண அச்சு இந்த விதியை ரத்து செய்துவிடவில்லை. ஆனால், அதன் பிடியைத் தளர்த்துகிறது. ஓர் எளிய கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் உறுப்பை வார்ப்பதற்கான வார்ப்பச்சு தயாரிக்க ஒரு லட்சம் ரூபாய், அதன்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் 500 ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். அதே உறுப்பை முப்பரிமாண முறையில் செய்ய, வார்ப்பச்சே தேவையில்லை. ஆனால், ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய். ஆயிரம் உறுப்புகள் தேவையென்றால் வார்ப்பு முறையில் ஒன்றின் அடக்க விலை 600 ரூபாய். புதிய முறை போட்டியிடவே முடியாது. இருபது மட்டுமே தேவையென்றால் வார்ப்பு முறையில் ஒன்றின் விலை 5,500 ரூபாய். புதிய முறை மலிவாகிவிடுகிறது. ஒன்றே ஒன்று போதுமென்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை.

பெருந்தொகையில் செய்யப்படும் பொருட்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் உகந்ததன்று. சிறு எண்ணிக்கையில், அவசரமாக, தொலைவான இடத்தில் தேவைப்படும் பொருட்களுக்கே அது உகந்தது. மேலே சொன்ன கணக்கில் காத்திருப்பின் விலையையும் சேர்த்துக்கொண்டால், பாம்பன் கரையில் நிற்கும் ஒரு படகின் உடைந்த உறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் இதை முன்பே உணர்ந்தது. கப்பல் பழுதுபார்ப்புக்கான உதிரிபாகங்களைத் துறைமுகத்திலேயே உருவாக்கும் நோக்கில் அங்கு ராம்லேப் என்ற ஆய்வகம் அமைக்கப்பட்டது. 2017இல் அங்கு 1.35 மீட்டர் விட்டமுள்ள கப்பல் புரொபெல்லர் ஒன்று, நிக்கல் - அலுமினிய வெண்கலத்தால் 298 அடுக்குகளாக உருவாக்கப்பட்டது. அதைச் செய்தது விசித்திரமான இயந்திரம் ஏதுமன்று. கணினி இயக்கிய வெல்டிங் ரோபோ. நம் பட்டறைக்காரர் தேய்ந்த தண்டின் மேல் வெல்டிங் வைத்து நிரப்புவதன் வளர்ந்த வடிவம்தான் அது. பின்னர் அது கடைந்து மெருகேற்றப்பட்டு, இழுவைக் கப்பலில் பொருத்திச் சோதிக்கப்பட்டு, பீரோ வெரிட்டாஸ் என்ற கப்பல் தரச்சான்று அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. உருவாக்கியதைவிட, ஒப்புதல் பெற்றதே அங்கு நிகழ்ந்த பெரிய சாதனை.

நம்மிடம் இருக்கும் திறன்

இதெல்லாம் ஐரோப்பாவுக்குரிய கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி. அங்குள்ள இஸ்ரோ வளாகத்தில் 2024 மே 9 அன்று, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலையில் பயன்படும் பிஎஸ்4 இன்ஜின், முப்பரிமாண முறையில் மறுவடிவம் பெற்று 665 வினாடிகள் வெற்றிகரமாக இயக்கிச் சோதிக்கப்பட்டது. முன்பு 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமானது. 19 வெல்டிங் இணைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோ உலோகத்திலிருந்து செதுக்கிச் செய்ய வேண்டியிருந்ததை 13.7 கிலோ உலோகத் தூளைக் கொண்டு செய்தார்கள். மூலப்பொருளில் 97 விழுக்காடும், உற்பத்தி நேரத்தில் 60 விழுக்காடும் மிச்சமாயின.

அதே மாதம் 30ஆம் நாள், சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவான இன்ஜினின் உந்துதலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அதே ஐஐடியிலிருந்து வந்த த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடியில் கட்டிய நாட்டின் முதல் முப்பரிமாண அச்சு வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மாநில அரசின் டிட்கோ நிறுவனம் சீமென்ஸ், டசால்ட் சிஸ்டம்ஸ், ஜிஇ போன்ற பன்னாட்டு நிறுவனங்களுடன் இணைந்து உயர் உற்பத்தித் தொழில்நுட்ப மையங்களை உருவாக்கியது. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனமாக்கும் திட்டமும் 2022இல் கையெழுத்தானது.

எனவே, தமிழ்நாட்டில் அறிவும் இருக்கிறது, முதலீடும் நடந்திருக்கிறது. இல்லாதது, ராக்கெட்டுக்கும் படகுக்கும் இடையிலான பாலம். ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த பொருளைக் கொண்டு, போலியோ பாதித்த குழந்தைகளின் மூன்று கிலோ நடைக்கருவியை 300 கிராமாகக் குறைத்த பணியைத் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாகக் கருதியவர் ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். அவர் பிறந்த ஊரின் கடல்தொழிலுக்கு அதே வகை அறிவுப் பெயர்ச்சி இன்னும் நிகழவில்லை.

உப்புக் காற்று என்னும் தேர்வறை

எந்தத் தொழில்நுட்பத்தையும் அதன் குறைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கும்போது உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் தங்கலாம். அடுக்குகளுக்கு இடையில் வலிமை ஒரு திசையில் கூடியும் மறுதிசையில் குறைந்தும் அமையலாம். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சிறு பள்ளங்களில்தான் உப்புநீர் தங்கித் துருவைத் தொடங்கும். வெப்பச் சீராக்கமும் மெருகேற்றமும் செய்யாத உறுப்பு, சென்னை ஆய்வகத்தில் பார்ப்பதற்குக் குறையின்றித் தெரிந்தாலும் பாக் நீரிணையில் ஒரு பருவம் தாங்காது. நடுக்கடலில் தண்டு முறிந்தால் பணத்தோடு உயிரும் பணயமாகும். அலைகள் படகை எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளிச் சென்றால் அதன் விளைவு என்ன என்பது இப்பகுதியினர் அனைவரும் அறிந்ததே.

பாம்பன் புதிய பாலத்தின் அனுபவம் இதில் நமக்கு உதவும். அதன் வடிவமைப்பைச் சென்னை ஐஐடியும் மும்பை ஐஐடியும் சரிபார்த்தன. வெல்டிங் இணைப்புகளின் தரம் மீயொலி முறையில் சோதிக்கப்பட்டது. திருச்சியிலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் அதில் பங்கேற்றது. துருவைத் தடுக்கத் தனிப்பூச்சும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பயன்படுத்தப்பட்டன. அதன் பின்னரும் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தம் அறிக்கையில் அரிமானம் உள்ளிட்ட சில ஐயங்களை எழுப்பினார். ரயில்வே அமைச்சகம் அவற்றுக்கு விளக்கமளித்தது. கடலில் நிற்கும் இரும்பை இப்படிக் கேள்விக்கு உட்படுத்துவதே ஆரோக்கியமான நடைமுறை. பாலத்துக்குப் பொருந்தும் அந்த நியாயம், அளவில் சிறியதாக இருந்தாலும், படகின் தண்டுக்கும் பொருந்த வேண்டும்.

இங்கேதான் இந்தக் கடற்கரையின் குறை ஒரு வளமாக மாறுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு மண்டபம் முகாமில் உலோக அரிமான ஆய்வு நிலையம் இருக்கிறது. கடற்காற்று உலோகங்களை எவ்வாறு தின்கிறது என்பதை அறிய, உலோகத் தகடுகளை வெளியில் வைத்துக் கண்காணிக்க நாட்டிலேயே மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று அது. முப்பரிமாண முறையில் உருவான உலோகங்கள் கடலில் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடையைத் தரக்கூடிய இடம் நம் வாசலிலேயே இருக்கிறது. அச்சு இயந்திரத்தை எந்த ஊரிலும் வாங்கி வைத்துவிடலாம். மண்டபத்தின் உப்புக் காற்றை வாங்கிச் செல்ல முடியாது.

வரைபடம் யாருடையது?

மற்றொரு சிக்கல் உரிமை பற்றியது. ஓர் இயந்திர உறுப்பை ஸ்கேன் செய்து மறுபடி உருவாக்கினால், அது பழுதுபார்ப்பா, அல்லது பிறர் வடிவமைப்பைத் திருடுவதா? காப்புரிமை, வடிவமைப்பு உரிமை இரண்டும் காலவரையறை உடையவை. பதிவு செய்யப்பட்ட வடிவமைப்புக்கு நம் சட்டப்படி பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. அந்தக் காலம் கடந்த, உற்பத்தி நிறுத்தப்பட்ட இயந்திரங்களின் உறுப்புகளை மீண்டும் செய்துகொள்வதில் யாருடைய நியாயமான நலனும் பாதிக்கப்படாது. காலம் கடவாதவற்றுக்கு உற்பத்தியாளரே எண்வடிவ வரைபடத்தைக் கட்டணத்துக்கு வழங்கும் முறை உலகில் பல துறைகளில் வளர்ந்து வருகிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துக் குழு ஒன்றை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது முன்னிலைப்படுத்தியது. மீன்பிடிப் படகின் இயந்திரம் அந்த வரிசையில் தனியாக இடம்பெறவில்லை. டிராக்டர் வைத்திருக்கும் உழவருக்குக் கிடைக்க வேண்டிய உரிமை, படகு வைத்திருக்கும் மீனவருக்கு மட்டும் ஏன் இல்லை? ராமநாதபுரத்தின் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் எழுப்பத்தக்க கேள்வி இது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மண்டபத்தில் ஒரு பொதுப் பழுதுபார்ப்பு மையம் அமைக்கப்பட வேண்டும். ஸ்கேனர்கள், வெல்டிங் வழி உலோகம் அடுக்கும் ஓர் இயந்திரம், கடைசல் வசதி, மீயொலிச் சோதனைக் கருவி ஆகியவை அங்கு இருந்தால் போதும். எல்லாவற்றையும் அங்கேயே அச்சிட வேண்டும் என்பதில்லை. உலோகத் தூளைக் கொண்டு செய்ய வேண்டியவற்றின் வரைபடத்தைச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிவிட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். அளப்பதும் சோதிப்பதும் உள்ளூரில் நடக்க வேண்டும் என்பதே முக்கியம். ராட்டர்டாமின் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசைமுறையைத்தான்.

இரண்டாவதாக, அந்த மையம் லேத் பட்டறைகளுக்குப் போட்டியாக அன்றி, அவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்குப் பயன்படுத்தும் பொது வசதியாக இயங்க வேண்டும். உழவர்களுக்கு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடும் முறை நமக்குப் புதிதன்று. அடுக்கி எழுப்பிய உலோகத்தைக் கடைந்துதான் இறுதி அளவுக்குக் கொண்டுவர முடியும் என்பதால், பட்டறைகளின் வேலை குறையப்போவதில்லை; அதன் தரமும் கூலியும் உயரும். தனியார் முதலீடு இங்கு தானாக வராததற்குக் காரணம் எளிது. ஒரு பட்டறைக்கு ஒரு ஸ்கேனர் என்பது இழப்பு. நூறு பட்டறைகளுக்கு ஒன்று என்பது இலாபம். அந்த நூறையும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு அரசுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரியது.

மூன்றாவதாக, பயிற்சி. மத்திய மின்னணு அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட தேசிய உத்தி, மூன்றாண்டுகளில் உலகச் சந்தையில் ஐந்து விழுக்காட்டையும், ஒரு லட்சம் புதிய திறன்மிகு பணியாளர்களையும் இலக்காகக் கொண்டது. அந்தக் கெடு கடந்துவிட்டது. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எந்தெந்த மாவட்டங்களில் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்து முடிப்பவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுவதையே முன்னேற்றம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அளவிடுதல், எண்வடிவ வரைதல், உலோகச் சோதனை ஆகிய மூன்றும் தெரிந்த ஓர் இளைஞருக்கு உள்ளூரில் வேலை இருந்தால், அவர் போவதா இருப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் நிலையிலாவது இருப்பார். அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் அமைந்துவரும் நேரத்தில் இந்தத் திறன்களுக்குத் தேவை குறையாது.

நான்காவதாக, பழைய பாம்பன் பாலம். அதன் நடுப்பகுதியிலுள்ள ஷெர்சர் தூக்குப் பாலம், பணியாளர்கள் நெம்புகோல்களைக் கையால் இயக்கித் திறந்து மூடியது. நூறாண்டுகளுக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற அந்த இரும்பின் எந்த இணைப்பு எவ்வளவு தேய்ந்தது, எந்தப் பக்கம் அதிகம் துருவேறியது, எந்தச் சீரமைப்பு தாங்கியது என்ற விவரங்கள் வேறு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காதவை. புதிய பாலத்தை அடுத்த பல பத்தாண்டுகள் பராமரிக்கப் போகிறவர்களுக்கு அவை நேரடியாகப் பயன்படும். லேசர் ஸ்கேனிங் மூலம் முழுப் பாலத்தையும் பதிவு செய்வதோடு, வெட்டியெடுக்கப்படும் உறுப்புகளில் சிலவற்றை மண்டபம் ஆய்வு நிலையத்துக்கு வழங்கவும் வேண்டும். பழைய இரும்புக்குக் கிடைக்கும் எடைவிலையைவிட இந்த அறிவின் மதிப்பு பன்மடங்கு அதிகம்.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் லேசர் கொண்டு அளந்தபோது, அது அவருடைய ஆய்வு ஆர்வமாக மட்டுமே இருந்தது. 2018இல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயம் தீப்பற்றி அதன் கூரை அழிந்தது. நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அவர் விட்டுச்சென்ற பதிவு சீரமைப்புக்கு உதவியது. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அளந்து வைத்ததன் பயன் எப்போது தெரியும் என்று அளக்கும்போது எவராலும் சொல்ல முடியாது.

பொருளியலில் பொதுப் பண்டம் என்று ஒரு கருத்து உண்டு. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துவிடாத, ஆனால் எந்தத் தனியாரும் தாமாகச் செய்ய முன்வராத பண்டம் அது. கலங்கரை விளக்கம் அதற்குப் பாடநூல்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. ஒரு பாலத்தின் எண்வடிவப் பிரதி, உற்பத்தி நின்றுபோன படகு இயந்திரங்களின் வரைபடத் தொகுப்பு, கடற்காற்றில் உலோகங்கள் தாங்கும் காலம் பற்றிய ஆய்வு முடிவுகள் ஆகியவை இக்காலத்தின் கலங்கரை விளக்கங்கள். இவற்றைச் சந்தை கட்டித் தராது. அரசுதான் கட்ட வேண்டும்.

ரயில்வேயும் மாநில அரசின் தொழில் துறையும் மீன்வளத் துறையும் மண்டபம் ஆய்வு நிலையத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தால், இதற்கான முதல் முடிவை ஒரு நாளில் எடுத்துவிடலாம். பழைய பாலத்தை அளக்கும் பணிக்கு மட்டும் காலக்கெடு உண்டு. வெட்டி எடுத்த இரும்பு உருக்காலைக்குப் போனபின் அதை அளக்க எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.